ஓய்வுக்குப் பிறகு ஆர்.வி. வாழ்க்கை: ஓர் ஆண்டின் கணக்கு

அமெரிக்காவில் ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுவிட்டு ஆர்.வி. என்ற வீட்டு வண்டியில் குடியேறும் தம்பதிகளிடம் பேச்சுக் கொடுத்தால், முதலில் வண்டியைப் பற்றித்தான் சொல்வார்கள். எத்தனை அடி நீளம், எத்தனை ஸ்லைடு (வெளியே நீட்டி அறையை அகலமாக்கும் பகுதி), இழுப்பது எந்த டிரக். என்னைக் கேட்டால் முதலில் எடுத்து வைக்க வேண்டியது காலண்டர். எந்த மாதங்களில் வேலை, எந்த மாதங்களில் பிள்ளைகள் வீடு, எந்த மாதங்களில் குளிருக்குத் தெற்கே ஒதுங்குவது என்று எழுதிவிட்டால், எந்த வண்டி வேண்டும், அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதில் பாதி அங்கேயே முடிவாகிவிடும். மாதத்துக்கு மாதம் மின்சாரம் மாறும், தண்ணீர் மாறும், குளிர் மாறும். பழுதுகளில் பெரும்பாலானவை இந்த மாற்றத்துக்கு வண்டியைத் தயார் செய்யாததால்தான் வருகின்றன.

பலர் பின்பற்றும் ஒரு சுற்றை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் கடைசி முதல் செப்டம்பர் வரை ஆர்.வி.கள் தங்கும் ஏதாவது ஒரு கேம்ப்கிரவுண்டில் ஹோஸ்ட் வேலை. அக்டோபரில் ரெட் ரிவர் பள்ளத்தாக்கில், சர்க்கரை எடுக்கும் கிழங்கான சுகர் பீட் அறுவடை. நன்றி நவிலல் (தேங்க்ஸ்கிவிங்) நாளுக்குப் பிள்ளைகள் வீடு, அங்கேயே கிறிஸ்துமஸ் வரை. ஜனவரி முதல் மார்ச் வரை அரிசோனா பாலைவனம்.

ஹோஸ்ட் வேலை என்பது கேம்ப்கிரவுண்டின் வாசலில் இருந்து வருபவர்களுக்கு இடம் காட்டுவது, கழிப்பறை சுத்தம் செய்வது, தீமூட்டும் வளையங்களில் சாம்பல் அள்ளுவது, இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் போடுபவர்களிடம் போய் பேசுவது. பதிலாக மின்சாரம், தண்ணீர், பெரும்பாலும் கழிவு இணைப்பும் உள்ள ஒரு இடம் கிடைக்கும். தேசிய வனங்களிலும் மாநிலப் பூங்காக்களிலும் ராணுவப் பொறியாளர் படையின் ஏரிக்கரைகளிலும் இது பெரும்பாலும் தன்னார்வப் பணியாக நடக்கிறது. அதில் தவறில்லை. லாப நோக்கில் நடக்கும் தனியார் பார்க்குகளின் கதை வேறு. அவர்கள் தன்னார்வலர் என்ற பெயரில் யாரையும் வேலை வாங்க முடியாது. குறைந்தபட்ச ஊதியச் சட்டம் அங்கே பொருந்தும். தங்கும் இடத்தின் மதிப்பை ஊதியத்தில் ஒரு பகுதியாகக் கணக்கிடச் சட்டத்தில் வழி உண்டு, ஆனால் அதற்குக் கணக்கு இருக்க வேண்டும்.

அந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்க்கலாம். மாதம் 600 டாலர் பெறும் இடத்துக்காக இருவரும் சேர்ந்து வாரம் 30 மணி நேரம் உழைத்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 130 மணி ஆகிறது. மணிக்கு நாலரை டாலர் சொச்சம். கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியமே 7.25. வாரம் 20 மணி நேரம் இடத்துக்கு, அதற்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் சம்பளம் என்று எழுதித் தரும் இடமே நல்ல இடம். ஒப்பந்தத்தில் நேரம் ஆளுக்கா, தம்பதிக்கா என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். விடுமுறை நாள் இருவருக்கும் ஒன்றாக வருமா, மின்சாரத்துக்குத் தனி மீட்டரா, சீசன் முடிவு போனஸை ஒரு வாரம் முன்னால் கிளம்பினால் இழக்க நேருமா என்பதையும் கேட்டுவிட வேண்டும். வாய்வார்த்தையாகச் சொன்னதெல்லாம் ஜூலையில் மறந்துபோகும்.

முழு ஓய்வு வயதுக்கு முன்பே சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத்தை வாங்கத் தொடங்கியவர்களுக்கு இன்னொரு வரம்பும் இருக்கிறது. ஆண்டுச் சம்பாத்தியம் அந்த வரம்பைத் (2025-ல் அது 23,400 டாலராக இருந்தது) தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு இரண்டு டாலருக்கும் ஒரு டாலர் பிடித்து வைப்பார்கள். அது தொலைந்துபோன பணம் இல்லை, முழு வயது வந்ததும் தொகையைத் திரும்பக் கணக்கிட்டுக் கூட்டித் தருவார்கள். ஆனால் அந்த ஆண்டின் கைச்செலவு இடிக்கும். 1960-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு முழு வயது 67.

இனி பீட். மினசோட்டாவுக்கும் வட டகோட்டாவுக்கும் நடுவே ஓடும் ரெட் ரிவரின் இருபுறமும் ஒரு காலத்தில் அகாசி என்ற பனியுக ஏரியின் அடித்தரையாக இருந்தது. மேசை போன்ற சமவெளி, கரிய களிமண். அங்கே விளையும் பீட்டை அமெரிக்கன் கிரிஸ்டல் சுகர் என்ற விவசாயிகள் கூட்டுறவு வாங்கி, மூர்ஹெட், குரூக்ஸ்டன், ஈஸ்ட் கிராண்ட் ஃபோர்க்ஸ், ஹில்ஸ்பரோ, டிரேட்டன் ஆலைகளில் சர்க்கரையாக்குகிறது. முக்கிய அறுவடை அக்டோபர் முதல் தேதியை ஒட்டித் தொடங்கும். இரவு பகலாக, பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். வானிலை ஒத்துழைத்தால் இரண்டு வாரத்தில் முடியும்.

ஒத்துழைக்காவிட்டால் வேலை நிற்கும், அதற்கான காரணத்தைத் தெரிந்துகொண்டு போனால் பொறுமை இருக்கும். பீட்டை வெட்டவெளியில் மலையாகக் குவித்து, குளிர்காலம் முழுக்க அங்கேயே வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஆலைக்கு எடுக்கிறார்கள். பறித்த பிறகும் கிழங்கு சுவாசிக்கிறது. சூட்டோடு குவித்தால் குவியலின் நடுவே வெப்பம் தங்கி, சர்க்கரை குறைந்து, அழுகல் பரவும். அதனால் கிழங்கின் உள்வெப்பம் சுமார் 55 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினால் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். உறைந்துபோன கிழங்கும் ஆகாது, பனி உருகியதும் அதுதான் முதலில் அழுகும். மழை பெய்தால் வயலில் வண்டி இறங்காது. ஆக, வெயிலிலும் நிற்கும், உறைபனியிலும் நிற்கும், மழையிலும் நிற்கும். நின்ற நாட்களுக்கு ஏதாவது கிடைக்குமா, ஓவர்டைம் எத்தனை மணியிலிருந்து தொடங்குகிறது என்பதைச் சேரும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

தம்பதிகளுக்குப் பெரும்பாலும் கிடைப்பது பைலர் என்ற ராட்சத இயந்திரத்தின் கீழே தரை உதவியாளர் வேலை. டிரக் வரும். கையசைத்து ஓட்டுநரைச் சரியான இடத்தில் நிறுத்த வேண்டும். பீட் தொட்டியில் விழுந்து, உருளைகள் மீது ஓடி மண்ணை உதிர்த்துவிட்டு, பூம் என்ற நீண்ட கை வழியாகக் குவியலின் உச்சிக்குப் போகும். உதிர்ந்த மண் அதே டிரக்கில் திரும்ப ஏறும். டிரக்கோடு வரும் சீட்டில் பீட்டின் மாதிரி எடுக்கச் சொல்லியிருந்தால், பையை மாட்டிப் பொத்தானை அழுத்தி, நிறைந்த பையோடு சீட்டைச் சேர்த்து வைக்க வேண்டும். விவசாயிக்குச் சர்க்கரை அளவுப்படி பணம் போவதால், சீட்டு மாறினால் ஒருவர் விளைச்சல் இன்னொருவர் கணக்கில் சேர்ந்துவிடும். நடுநடுவே சிந்திய பீட்டையும் களிமண்ணையும் மண்வெட்டியால் ஒதுக்குவது. ஷிஃப்ட் முடிவில் இயந்திரத்தில் அப்பிய சேற்றைச் சுரண்டுவது. பாரம் தூக்குவது குறைவு. ஆனால் முழங்காலுக்கு இது கடுமையான வேலை. ஈரக் களிமண் பூட்ஸில் ஒட்டி ஒவ்வொரு அடியும் கனக்கும். முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை செய்தவர்கள் யோசித்துத்தான் போக வேண்டும்.

துணி விஷயத்தில் ஒரே ஒரு வார்த்தை: முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், உள்ளே இரண்டு அடுக்கு கம்பளிச் சாக்ஸ். நனைந்த பருத்தி சாக்ஸோடு அதிகாலை மூன்று மணிக்கு அந்தக் காற்றில் நிற்க முடியாது. சேறு படிந்த மேலுடையை வண்டிக்கு வெளியே கழற்றி, ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் தொட்டியில் போட்டுவிட்டு உள்ளே வர வேண்டும். அப்படியே குளியலறைக்குள் போனால் களிமண் ஷவரின் வளைகுழாயில் இறங்கிக் கெட்டிப்பட்டுவிடும். அந்தக் குழாய் வண்டியின் தரைக்கு அடியில் இருக்கிறது. அடைப்பெடுக்கக் கீழ்த்தகட்டையே கழற்ற வேண்டி வரும்.

அந்த ஊரில் அக்டோபர் இரவுகள் உறைநிலைக்குக் கீழே போகும். வெளியே கிடக்கும் தண்ணீர்க் குழாய் முதலில் உறையும். சூடாக்கும் கம்பி உள்ள ஹோஸ் வாங்கலாம், அல்லது பகலில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு இரவில் ஹோஸைக் கழற்றி வடித்து வைத்துவிட்டு உள் பம்பை ஓட்டலாம். இரண்டாவது வழி செலவில்லாதது, நம்பகமானதும்கூட. குளித்த, பாத்திரம் கழுவிய நீர் சேரும் கிரே டேங்க்கின் வால்வைத் திறந்தே வைத்தால் சொட்டுச் சொட்டாக வடியும் நீர் கழிவுக் குழாயிலேயே பனிக்கட்டியாகி அடைக்கும். மூடி வைத்து, நிறைந்ததும் ஒரே மூச்சில் திறக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்றைப் பலர் செய்கிறார்கள். மின்சாரம் இலவசம் என்பதால் புரொப்பேன் எரிவாயுவில் சூடான காற்று தரும் ஃபர்னஸை அணைத்துவிட்டு மின் ஹீட்டரை வைத்துக்கொள்கிறார்கள். அறை கதகதப்பாக இருக்கும். ஆனால் நாலு பருவத்துக்கும் ஏற்றது என்று விற்கும் பல வண்டிகளில் டேங்க்குகள் இருக்கும் அடிப்பகுதிக்கு வெப்பம் போவது ஃபர்னஸின் காற்றுக்குழாய் வழியாக மட்டுமே. ஃபர்னஸ் ஓடாவிட்டால் காலுக்கு மேலே 70 டிகிரி பாரன்ஹீட், காலுக்குக் கீழே பனிக்கட்டி. மின் ஹீட்டர் வைத்தாலும் ஃபர்னஸின் தெர்மோஸ்டாட்டை இரவில் அவ்வப்போது ஓடும் அளவுக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் சமையலும் இங்கே கணக்கில் வரும். இட்லிப் பானையும் குக்கரும் விடும் ஆவி, கேஸ் அடுப்பு எரியும்போதே உண்டாகும் நீராவி, இரண்டும் குளிர்ந்த ஜன்னலிலும் மெத்தைக்கு அடியிலும் வியர்த்து, பூஞ்சணமாகும். அடுப்புக்கு மேலுள்ள விசிறியைப் போடுவதோடு எதிர்ப்பக்க ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்தால்தான் காற்று இழுபடும். எண்ணெய்ப் பாத்திரத்தைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுவதும் அவசியம். எண்ணெய் கிரே டேங்க்கின் சுவரில் படிந்தால் சென்சார் எப்போதும் முக்கால் நிறைவு என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

கழிப்பறைக் கழிவு சேரும் பிளாக் டேங்க்குக்கு விதி ஒன்றுதான்: மூன்றில் இரண்டு பங்கு நிறையும் வரை வால்வைத் திறக்கக் கூடாது. திறந்தே வைத்தால் நீர் மட்டும் ஓடிப்போய், மற்றது அடியில் கோபுரமாகக் காய்ந்து நிற்கும். காலி செய்யும்போது முதலில் பிளாக், பிறகு கிரே. சோப்புத் தண்ணீர் ஹோஸைக் கழுவிவிடும். முடிந்ததும் சில கேலன் தண்ணீரைப் பிளாக் டேங்க்கில் விட்டு வைக்க வேண்டும்.

அறுவடை முடிந்து ஃபார்கோவிலிருந்து ஐ-29 நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கும் முன் எடை பார்ப்பது நல்லது. டிரக் நிறுத்தங்களில் உள்ள கேட் (CAT) நிறுவனத்தின் வண்டித் தராசில் டிரக்கின் முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் என்று மூன்றும் தனித்தனியாகக் கிடைக்கும். டிரக்கின் பின்முனையில் மாட்டும் டிராவல் டிரெய்லர் என்றால் டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம், டிரக்கின் பின்பெட்டிக்குள் மாட்டும் ஃபிஃப்த் வீல் என்றால் 20 முதல் 25 சதவீதம் இழுக்கும் வண்டியின் மேல் இறங்க வேண்டும். டிராவல் டிரெய்லரில் அது 10-க்குக் கீழே போனால் வால் ஆடத் தொடங்கும். சமவெளியின் பக்கக்காற்றில் அந்த ஆட்டம் கைமீறிப் போய்விடும். தண்ணீரையும் மறக்கக் கூடாது: ஒரு கேலன் 8.3 பவுண்டு, 60 கேலன் டேங்க் நிரம்பினால் 500 பவுண்டு. டயரில் கட்டை தேயாமல் இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதற்கு முன் வெயிலில் நின்றே பக்கவாட்டில் கெட்டுவிடும். டயரின் பக்கவாட்டில் பொறித்த டாட் (DOT) எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பார்க்க வேண்டும், அவை தயாரித்த வாரமும் ஆண்டும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். ஐந்து ஆண்டு தாண்டினால் ஒவ்வொரு நீண்ட பயணத்துக்கு முன்பும் சந்தேகப்படலாம், ஏழு என்றால் மாற்றிவிடலாம். வெடிக்கும் டயர் தனியாகப் போகாது, சக்கர மறைப்பையும் அதன் பின்னால் உள்ள கேஸ் குழாயையும் கிழித்துக்கொண்டு போகும்.

பிள்ளைகள் வீட்டு டிரைவ்வேயில் நிறுத்துவதுதான் இந்த வாழ்க்கையிலேயே சுலபம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். என் கணிப்பில் அதுதான் மிகக் கவனமாகத் திட்டமிட வேண்டிய நிறுத்தம். கேம்ப்கிரவுண்ட் என்பது ஆர்.வி.க்காகக் கட்டியது. மகள் வீட்டு வாசல் அப்படிக் கட்டியதில்லை.

முதலில் அனுமதி. டாலஸைச் சுற்றியுள்ள பிளேனோ, ஃபிரிஸ்கோ போன்ற புறநகர்களில் நம்மவர்கள் நிறையப் பேர் வீட்டு உரிமையாளர் சங்கம் உள்ள குடியிருப்புகளில் இருக்கிறார்கள். சாமான் ஏற்றி இறக்க மட்டும் அனுமதி, வண்டிக்குள் உறங்கக் கூடாது என்று பல சங்கங்களின் விதியில் இருக்கும். நகராட்சியின் விதி தனி. பிள்ளையையே சங்கத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்கச் சொல்வது நல்லது. அபராதக் கடிதம் அவர்கள் பெயருக்குத்தான் வரும். அனுமதி இல்லையென்றால் பக்கத்து மாநிலப் பூங்காவில் நிறுத்திவிட்டு டிரக்கில் போய் வருவதே மரியாதை.

அடுத்தது உயரமும் சரிவும். ஃபிஃப்த் வீல் பதின்மூன்று அடிக்கு மேல் இருக்கும். குடியிருப்புத் தெருவின் மரக்கிளையும் கேபிள் கம்பியும் அதற்காக வளர்ந்தவை அல்ல. டிரைவ்வே தெருவைத் தொடும் இடத்தில் பள்ளம் இருந்தால் வண்டியின் வால் தரையில் உரசும். கழிவு வால்வின் குழாய் அங்கேதான் தொங்கிக்கொண்டிருக்கிறது. போவதற்கு முன்பே பிள்ளையை ஒரு காணொளி எடுத்து அனுப்பச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பிறகு மின்சாரம். கேம்ப்கிரவுண்டின் 30 ஆம்ப் இணைப்பு 3,600 வாட் தரும். 50 ஆம்ப் இணைப்பில் இரண்டு லைன் சேர்த்து 12,000. கராஜ் சுவரில் உள்ள 15 ஆம்ப் பிளக்கிலிருந்து தொடர்ந்து எடுக்கக்கூடியது அதில் 80 சதவீதம், அதாவது 12 ஆம்ப், 1,440 வாட். ஒரு சாதாரண மின் ஹீட்டரே 1,500. எனவே டிரைவ்வேயில் வெந்நீருக்கும் ஃபிரிட்ஜுக்கும் வண்டியின் ஃபர்னஸுக்கும் புரொப்பேன்தான். பிளக்கிலிருந்து பேட்டரி சார்ஜர், விளக்கு, டிவி, அவ்வளவே. பேட்டரி வெகுவாக இறங்கியிருந்தால் சார்ஜர் மட்டுமே 8 ஆம்ப் வரை இழுக்கும் என்பதால் முதல் சில மணி நேரம் மைக்ரோவேவைத் தொடக் கூடாது.

எக்ஸ்டென்ஷன் கார்டு 10 கேஜ் கனத்தில் இருக்க வேண்டும், கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிமன். தோட்டத்துக்குப் பயன்படுத்தும் மெல்லிய 16 கேஜ் கார்டு வீட்டில் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் கிடக்கும், அதைத்தான் பேரன் எடுத்து வருவான். 50 அடி நீளத்தில் அதில் வோல்ட்டேஜ் இறங்கும், பிளக் முனை சூடாகி உருகும். செருகி அரை மணி கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டும். வெதுவெதுப்பு பரவாயில்லை, சுட்டால் உடனே சுமையைக் குறைக்க வேண்டும்.

கராஜ் பிளக் பெரும்பாலும் ஜி.எஃப்.சி.ஐ. வகை, மின்கசிவைக் கண்டதும் தானே துண்டித்துக்கொள்வது. சில மில்லிஆம்ப் கசிவுக்கே விழும். வண்டியைச் செருகியதும் விழுந்தால் உடனே பிளக்கைக் குறை சொல்ல வேண்டாம். வண்டியின் பிரேக்கர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் செருகி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் எந்த வரிசையில் விழுகிறது என்று தெரியும். அடிக்கடி மாட்டுவது வாட்டர் ஹீட்டரின் மின்சுருள்தான். எல்லா பிரேக்கரும் அணைந்திருக்கும்போதே விழுந்தால், வண்டிக்குள் எங்கோ நியூட்ரலும் எர்த்தும் ஒட்டியிருக்கின்றன. பிரேக்கர் நியூட்ரலைத் துண்டிப்பதில்லை என்பதால் அணைத்தும் பயனில்லை. அதற்கு எலக்ட்ரீஷியன் வர வேண்டும்.

கழிவுக்கு எளிய வழி: டேங்க்குகளைக் காலி செய்துவிட்டு வந்து, வீட்டுக் குளியலறையையே பயன்படுத்துவது. பேரக்குழந்தைகளோடு இருக்கத்தானே வந்தது.

ஜனவரியில் அரிசோனாவின் குவார்ட்ஸைட். நில மேலாண்மைப் பணியகத்தின் லா போசா நீண்டகாலத் தங்கலிடம் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை திறந்திருக்கும். பல ஆண்டுகளாக முழு சீசனுக்கே 180 டாலராகத்தான் இருந்தது. மின் இணைப்பு கிடையாது. இங்கே வண்டியை வீழ்த்துவது ஃபர்னஸின் விசிறி: 12 வோல்ட்டில் சுமார் 7 ஆம்ப். பாலைவனத்தின் குளிர்ந்த இரவில் மொத்தம் ஐந்து மணி நேரம் ஓடினால் 35 ஆம்ப்-அவர். வண்டியோடு வரும் ஈயப் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம் என்பதால் விடியுமுன் படுத்துவிடும். 200 ஆம்ப்-அவர் லித்தியமும் 400 வாட் சோலாரும் இருந்தால் இருவருக்குப் போதும், கிரைண்டருக்கும் சேர்த்து. மேசை கிரைண்டர் 150 வாட்தான், வெயில் ஏறிய பிறகு அரைத்தால் பேட்டரிக்குத் தெரியவே தெரியாது.

62 வயது முடிந்த குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் 80 டாலருக்கு வாழ்நாள் சீனியர் பாஸ் வாங்கிவிடலாம். தேசியப் பூங்கா நுழைவோடு பல கூட்டாட்சிக் கேம்ப்கிரவுண்டுகளில் பாதிக் கட்டணமும் கிடைக்கும்.

வீட்டை விற்றவர்களுக்கும் சட்டப்படி ஒரு முகவரி வேண்டும். அதற்குப் பெரும்பாலோர் தென் டகோட்டா, டெக்சஸ், ஃபுளோரிடாவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மூன்றிலும் மாநில வருமான வரி இல்லை. ஆனால் மினசோட்டாவில் உழைத்து வாங்கிய கூலிக்கு மினசோட்டாவின் வரி விதிகள் பொருந்தும், முகவரி எங்கிருந்தாலும்.

முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் இதைவிட முக்கியம். பத்து ஆண்டு வேலைக்கு இணையான 40 கிரெடிட் சேர்ந்தவர்களுக்கு, மருத்துவமனைச் செலவுக்கான பகுதி ஏ பிரீமியம் இல்லாமல் கிடைக்கும். பிந்தி அமெரிக்கா வந்தவர்கள் இதை முதலில் சரிபார்க்க வேண்டும், கணவன் மனைவியில் ஒருவருக்குச் சேர்ந்திருந்தாலும் மற்றவருக்கு உதவும். தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களில் பல ஒரு வட்டாரத்து மருத்துவர்களோடு கட்டுப்பட்டவை. ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு அசல் மெடிகேரும் மெடிகேப் துணைக் காப்பீடுமே பொருந்தும். 65 வயதில், மருத்துவர் செலவுக்கான பகுதி பி தொடங்கிய ஆறு மாதத்துக்குள் மெடிகேப் கேட்டால் உடல்நிலையைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. அந்தக் காலம் கடந்தபின் பெரும்பாலான மாநிலங்களில் மறுக்கலாம். மலிவாக இருக்கிறதே என்று அட்வான்டேஜில் சேர்ந்துவிட்டு, 70-ல் மாற நினைத்து முடியாமல் போனவர்கள் உண்டு.

கடைசியாக, ஒருவர் மட்டுமே ஓட்டத் தெரிந்த வண்டி பாதுகாப்பான வண்டி இல்லை. பெரும்பாலும் கணவர்தான் ஓட்டுகிறார், மனைவி பின்னால் நின்று கைகாட்டுகிறார். கணவருக்கு நெஞ்சுவலி என்றால் நடு நெப்ராஸ்காவில் அந்த அம்மா என்ன செய்வார்? ஒரு காலியான வாகன நிறுத்தத்தில், ஞாயிறு காலையில், இருவரும் இடம் மாறிப் பழக வேண்டும்: டிரக்கையும் டிரெய்லரையும் இணைக்கும் ஹிட்ச்சைப் பூட்டுவது, பிரேக் கம்பி இணைப்பது, கேஸ் மூடுவது, வால்வு திறப்பது, பின்னோக்கி நிறுத்துவது. வருடத்துக்கு இரண்டு முறையாவது. நோய் நீண்டால் போகவும் ஓரிடம் இருக்கிறது. 1978-ல் தொடங்கிய எஸ்கேபீஸ் என்ற ஆர்.வி. பயணிகள் சங்கம் டெக்சஸின் லிவிங்ஸ்டனில் நடத்தும் கேர் மையத்தில் தங்கள் சொந்த வண்டியிலேயே குடியிருந்துகொண்டு, சாப்பாடும் மருத்துவரிடம் போய்வர வாகனமும் பெறலாம். முன்பே தொடர்புகொண்டு அவர்களின் நிபந்தனைகளைக் கேட்டு, அந்தத் தாளை மெடிகேர் அட்டையோடு ஒரே உறையில் போட்டு, அது எந்த அலமாரியில் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளிடமும் சொல்லி வைக்க வேண்டும்.